நாயனத்திற்கு மாற்று உண்டோ?

நம் மன்றத்துப் பொங்கல் விழாவில் இவ்வாண்டு மல்லாரியைக் கீபோர்டும் சைலபோனும் கொண்ட மாணவர் குழுவே வாசிக்கட்டும் என்றொரு யோசனை எழுந்துள்ளது. நாயனக்காரரை அழைக்கச் செலவாகும், எதில் வாசித்தாலும் இசை இசைதானே என்கின்றனர் ஒரு சாரார். மரபைத் தொடவே கூடாது என்கின்றனர் மற்றொரு சாரார். இரு கட்சிக்கும் நான் உடன்பட இயலவில்லை.

கருவி மாறுவது நமக்குப் புதிதன்று. வயலின் மேலைநாட்டு வரவு. இன்று அதுவின்றிக் கச்சேரி ஏது? நாம் வாழும் கர்நாடகத்திலேயே, நாயனக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத் (1949–2019), மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் கேட்ட சாக்சபோனைக் கையிலெடுத்தார். 1994இல் இலண்டன் பிராம்ஸ் இசைவிழாவில் வாசித்தார். அவ்வாண்டு வெளிவந்த ‘டூயட்’ படத்தில் அவர் ஊதியதைக் கேளாத தமிழர் யார்? எனினும் சாக்சபோனுக்காக அவர் இராகத்தை வெட்டவில்லை. இராகத்திற்காகச் சாக்சபோனைப் பழக்கினார்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நாயனத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழே. ஆயினும் துளையைப் பாதி மூடியும், சீவாளியில் உதட்டின் அழுத்தத்தையும் மூச்சையும் மாற்றியும் சுரத்திற்குச் சுரம் வழுக்கிச் செல்லலாம். கமகம் பிறப்பது அங்கேதான். கீபோர்டிலோ ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள்; சைலபோனில் கட்டைக்கு ஒரே சுருதி. கம்பீரநாட்டையின் ஐந்து சுரங்களை அவற்றில் வெறுமனே தட்டினால் சுரம் வரும், இராகம் வராது.

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களது பழங்கருவி ம்பிரா. 1960களில் புலவாயோ நகரின் குவானொங்கோமா இசைக் கல்லூரியில் மரிம்பாக் கருவிகள் செய்யப்பட்டன. பின்னர் ம்பிராப் பாடல்கள் மரிம்பாக் குழுக்களுக்கு ஏறின. தனியொருவர் இரு கைகளால் மீட்டியதைப் பலர் பகிர்ந்து வாசித்தனர். ம்பிராவில் சிப்பிகள் எழுப்பும் இரைச்சல் இசையின் அங்கம். மரிம்பாவிலும் மெல்லிய சவ்வு ஒட்டி அத்தகைய ஓசையை வருவித்தனர். ஆனால் ம்பிராவின் சுருதி செய்பவருக்குச் செய்பவர் வேறுபடும். மரிம்பாவோ மேலைநாட்டுச் சுரவரிசையில் அமைந்தது. அந்த வேற்றுமை அழகு மாற்றத்தில் போயிற்று.

ஆகவே நம் குழு மல்லாரியை வாசிக்கட்டும். ஆனால் ஏட்டைப் பார்த்தன்று. நாயனக் கலைஞர் ஒருவரை அழைத்து, உரிய சன்மானம் தந்து, அவரிடம் கற்கட்டும். கமகத்தை வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் கொடுத்து, கட்டைக் கருவிகளைத் தாளக்கட்டிற்கு நிறுத்தட்டும். தவில் தவிலாகவே இருக்கட்டும். விழாவன்று அக்கலைஞரே முதலில் வாசிக்கட்டும்.

செலவை மிச்சம் பிடிக்க அவரை விலக்கினால், நாளை அவர் மகன் நாயனத்தைத் தொடமாட்டான். பிறகு எந்த இசையை எந்தக் கருவிக்கு மாற்றப் போகிறோம்?