லீவு முடிவதற்குள் ஆபரேஷனா?



குமரி மாவட்டம் பூதப்பாண்டியில் இருக்கும் என் பெரியம்மை, ஆவணி ஞாயிறுகளில் நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கேட்டால், "முட்டு வலிக்கு மக்களே, நீங்க போயிட்டு வாங்க" என்பார். நாங்களும் நம்பி, கொட்டஞ்சுக்காதி தைலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

முட்டில் ஒன்றுமில்லை. கர்ப்பப்பை இறங்கி வெளியே தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நாகர்கோவில் போய் வருவதற்குள் இரண்டு தடவை பாத்ரூம் தேட வேண்டும். வரிசையில் நின்றால் அடிவயிறு கனத்து இழுக்கும். பழைய சேலையைக் கிழித்து இறுக்கக் கட்டிக்கொண்டு சமாளித்திருக்கிறார். கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்து மருமகள்தான் கண்டுபிடித்தாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு 'முட்டு வலி' இருக்கிறதா?

பெரியம்மைக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் வீட்டுப் பிரசவம். பேறுகால மருந்து தின்று முடிப்பதற்குள் நடவுக்கு இறங்கியவர். குளச்சலிலும் முட்டத்திலும் தலையில் மீன் சுமந்தவர்கள், நாள் முழுக்கக் குந்தியிருந்து அண்டி (முந்திரிக்கொட்டை) தல்லியவர்கள் என்று அந்தத் தலைமுறையில் யாருக்குத்தான் ஓய்வு இருந்தது? போதாததற்கு மாதவிலக்கு நின்ற பிறகு தசைகள் தளரும். நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கயிற்றுக் கட்டில் தொய்வதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பின் அடியில் உள்ள தசைகள் அந்தக் கயிறு மாதிரி. அவை தொய்ந்தால் மேலே இருப்பதெல்லாம் கீழே வரும். கர்ப்பப்பை மட்டுமல்ல, மூத்திரப்பையும் மலக்குடலும்கூட. கட்டிலில் படுத்திருப்பவரை எழுப்பி அனுப்பிவிட்டால் கயிறு தானாக இறுகிவிடுமா? கர்ப்பப்பையை எடுப்பதோடு, தொய்ந்த இடங்களைத் தூக்கித் தைக்கவும் வேண்டும். அப்படித் தைத்தும் சிலருக்குச் சில வருஷத்தில் மறுபடி இறங்குவது உண்டு. பழைய கயிறு அல்லவா!

விஷயம் தெரிந்த மாதத்திலேயே வளைகுடாவிலிருந்து மகன் 20 நாள் லீவில் வந்தான். "நான் இருக்கும்போதே ஆபரேஷனை முடிச்சிருவோம்" என்றான். முதலில் பார்த்த டாக்டரும், "கர்ப்பப்பையை எடுத்துட்டா தீர்ந்தது, நாளைக்கே அட்மிட் ஆகுங்க" என்றாராம். மகனின் பாசத்தில் குறையில்லை. ஆனால் பெரியம்மையை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கர்ப்பப்பை இறக்கம் புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தும் இல்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, வெளியே வந்த பகுதி புண்ணாகிவிட்டாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ உடனே ஓட வேண்டும். மற்றபடி யோசிக்க நேரம் இருக்கிறது. கர்ப்பப்பையை அவசரமாக எடுக்கும் பழக்கம் நாட்டில் எந்த அளவுக்குப் போயிருக்கிறது தெரியுமா? தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் ஏற்று நடத்துங்கள் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டி வந்தது.

ஆபரேஷன் இல்லாத வழிகளும் உண்டு. லேசான இறக்கத்துக்கு இடுப்புத்தளப் பயிற்சி உதவும். அதற்கு மேல், சிலிகோன் வளையம். டாக்டர் அளவு பார்த்து உள்ளே பொருத்துவார். அவர் சொல்லும் இடைவெளியில் எடுத்துக் கழுவி மாட்ட வேண்டும். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது.

ஆபரேஷன் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. நன்றாக இறங்கி அன்றாட வாழ்க்கையை முடக்கினால் அதுதான் சரியான வழி. வயது மட்டும் அதற்குத் தடையும் அல்ல. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். தூக்கித் தைப்பீர்களா? பிறகு சிறுநீர் கசியுமா? செயற்கை வலை வைப்பீர்களா? பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையால் பலர் தீராத வலிக்கு ஆளானார்கள். இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையை 2019-இல் அமெரிக்காவே நிறுத்தச் சொல்லிவிட்டது.

வயதானவர்களுக்குப் பிறப்புறுப்புப் பாதையையே தைத்து மூடிவிடும் ஒரு சிறிய ஆபரேஷனும் இருக்கிறது. அதன் பிறகு தாம்பத்தியம் இல்லை. "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு?" என்று மகனோ மகளோ முடிவு செய்யக் கூடாது. அது அவரும் அவர் கணவரும் பேச வேண்டிய விஷயம்.

இன்னொரு கணக்கையும் போடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் குடம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது. யார் சமைப்பது? பேரனைத் தூக்காமல் இருப்பாரா? லீவில் வந்த மகன் அதற்குள் விமானம் ஏறியிருப்பானே!

நெய்யூரில் 1838-லேயே மிஷன் ஆஸ்பத்திரி தொடங்கிய மாவட்டம் இது. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் அங்கேதான் கத்தி பிடித்தார். இன்று ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண்கள் நலப் பிரிவு இருக்கிறது. நமக்கு ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை, வாய்தான் வரவில்லை.

பெரியம்மை வேறொரு பெண் டாக்டரைப் பார்த்தார். இப்போதைக்கு வளையம். "கும்பப்பூ அறுப்பு முடியட்டு, பொறவு பாப்போம்" என்கிறார். நடு மகளை இரண்டு மாதம் வந்து நிற்கும்படி சொல்லியும் வைத்திருக்கிறார்.

உங்கள் அம்மையிடம், மாமியாரிடம் இந்த வாரமே கேளுங்கள். ஆண்பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். டாக்டர் அறையிலும் முதல் பத்து நிமிஷம் அவரைத் தனியாகப் பேச விட்டுவிட்டு, நீங்கள் வெளியே நில்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்