கொச்சியில் ஏழு நாள்

பியனாலே பருவத்தில் கொச்சி செல்லும் ஆய்வு நண்பர்களின் பயணத் திட்டங்களில் ஏழு நாளும் கலை அரங்குகளுக்கே போய்விடுகின்றன. அது பிழை என்பேன். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறி பியனாலே காணத்தக்கதே. ஆனால் இரண்டு நாள் போதும். மூன்றாம் நாள் கண் களைத்து, எல்லாப் படைப்பும் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கும்.

மீதியை மட்டாஞ்சேரிக்கும் கோட்டைக் கொச்சியின் உட்தெருக்களுக்கும் கொடுங்கள். மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் ஆகியவையும் வீட்டுமொழிகளாக வாழும் தெருக்கள் அவை. நாள் பார்த்துச் செல்லுங்கள்: 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம் சனிக்கிழமை திறக்காது, அரண்மனை வெள்ளிக்கிழமை திறக்காது. டிசம்பரிலும் நண்பகல் வெயில் சுடும்.

கோட்டைக் கொச்சியின் டோபிகானாவில் உழைப்போர் தமிழ் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்கள். சென்ற முறை ஒலிப்பதிவுக் கருவியுடன் அங்கே போனேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த முதியவர் நிமிர்ந்து பார்த்தார். “வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுப்பாங்க தம்பி. நீங்க பேச்சை எடுக்க வந்தீங்களா?” என்றார். எனக்கு விடை வரவில்லை.

தரவு திரட்டாத பயணம் வீண் என்பது நம் துறையினரைப் பிடித்த நோய். அவர் உருபுகளை எப்படி ஒலித்தார் என்று குறித்துக்கொண்டேன். அவர் பெயரைக் கேட்கவில்லை.

இம்முறை கருவி விடுதியிலேயே இருக்கும். நான்கு சட்டைகளை வெளுக்கக் கொடுத்து, அவை உலரும்வரை அங்கே உட்கார்ந்திருக்க ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறேன்.