அடுப்படிப் பாடம்: உப்பை அறிந்து இடுவோம்



மஞ்சள், மல்லி, மிளகு, கசகசா என்று அஞ்சறைப் பெட்டியில் உள்ள சரக்குகளைப் பற்றி இப்பகுதியில் பேசி வருகிறோம். அந்தப் பெட்டியில் இடம் பெறாத ஒரு பொருள் எல்லா வீட்டு அடுப்பங்கரையிலும் தனி ஜாடியில் இருக்கிறது. மிளகாய் இல்லாமல் ஒரு நாள் சமைத்துவிடலாம்; உப்பில்லாமல் ஒரு வேளையும் முடியாது. ஆயினும் நாம் மிகக் குறைவாகச் சிந்தித்து இடும் பொருளும் அதுவே. இந்த இதழில் உப்பைப் பார்ப்போம்.

எங்கள் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலை முட்டுக்காட்டுக் கழியை ஒட்டிய தாழ்நிலங்களின் வழியே போகிறது. கோவளம் தமீமுல் அன்சாரி தர்காவுக்கு வந்து சென்ற சகோதரிகளுக்கு அந்தச் சாலை நினைவிருக்கும். இருபுறமும் பாத்தி பாத்தியாக நிலம் பிரித்துத் தலைமுறை தலைமுறையாக உப்பு விளைவித்த பகுதி அது. ஆங்கிலேயர் ஆட்சியில் ‘கோவ்லாங் உப்பு’ என்று பெயர் பெற்றிருந்தது இந்தப் பக்கத்துச் சரக்குதான். இன்று பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன. இங்கே புதிதாகக் குடியேறிய பல பிள்ளைகளுக்கு உப்பு என்பது கடையில் பாக்கெட்டில் பிறக்கும் பொருளாகவே தெரிகிறது.

பாத்தியில் நடப்பது

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல் நாம் உண்ணும் சோறுப்பு. எஞ்சியவை மக்னீசியம், கால்சியம் முதலானவற்றின் உப்புகள். கழி நீரை முதலில் பெரிய தேக்கத்தில் விடுவார்கள். பின்பு ஆழமில்லாத பாத்திகளுக்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்ற விடுவார்கள். நீர் குறையக் குறைய முதலில் ஜிப்சம் படியும். அதன் பின்னரே கடைசிப் பாத்தியில் சோறுப்பு பளிங்காகத் திரளும். மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். அதை வடிக்காமல் முழுவதும் வற்ற விட்டால் உப்பில் கசப்பு ஏறிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அந்த ஆண்டுத் தொழில் நின்றுவிடும். தொழிலாளியின் கூலியும் நின்றுவிடும். கடைத்தெருவில் மிக மலிவாகக் கிடைக்கும் இப்பொருள், உச்சி வெயிலில் உப்பு நீரில் நின்று உழைப்பவரின் வெடித்த பாதங்களிலிருந்து வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்கு வரி விதித்து ஏழையை வாட்டிய காலமும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1805-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி உப்பு வாணிபத்தைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பு அள்ளியது அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். வரி 1947-இல் நீங்கியது. முன்னோர் சிறை சென்று விலையைக் குறைத்துத் தந்த பொருளை, விலை குறைவு என்பதற்காகவே நாம் அள்ளி அள்ளிக் கொட்டுகிறோம்.

சட்டியில் நடப்பது

உப்பளத்தின் பாடம் அடுப்பங்கரைக்கும் பொருந்தும். ஆணம் கொதிக்கும்போது நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு போவதில்லை. ஆகவே தொடக்கத்தில் நாவுக்குச் சரியாக இருந்த ஆணம் வற்றி இறங்கும்போது கரித்துப்போகிறது. கறியை வேக வைக்கும்போது உப்பைப் பாதியளவு மட்டும் இட்டு, இறக்குவதற்குச் சற்று முன் சுவை பார்த்து மீதியைச் சேருங்கள். நோன்புக் கஞ்சிக்கும் இதுவே முறை.

தால்ச்சாவுக்குப் பருப்பு நன்கு மசிந்த பின்னரே புளியை ஊற்றுங்கள். புளிப்பு முந்தினால் பருப்பு வேகத் தாமதமாகும். உப்பையும் அப்போதே சேர்த்துக்கொள்ளலாம்.

பிரியாணியில் உப்பு மூன்று இடங்களிலிருந்து வருகிறது: கறி மசாலா, அரிசி வேகும் நீர், மேலே தூவும் பொரித்த வெங்காயம். மூன்றையும் மூவர் கவனித்தால் தம் திறக்கும்போது முகம் சுளிக்க நேரும். பொறுப்பை ஒருவரிடமே விடுங்கள். அரிசியை வடித்துச் சேர்ப்பதானால் உலை நீர் சற்றுத் தூக்கலாகவே இருக்கலாம், அதில் பெரும்பகுதி கஞ்சியோடு வெளியேறிவிடும். வடிக்காமல் செய்வதானால் அந்த அளவு ஆகாது.

கரண்டிக் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. தூள் உப்பு நெருங்கிப் படியும். கல்லுப்பின் கற்களுக்கிடையே இடைவெளி இருக்கும். ஆதலால் அதே கரண்டியில் தூள் உப்பு எடை கூடுதலாக நிற்கும். கல்லுப்புக்குப் பழகிய கை தூள் உப்புக்கு மாறும்போது சமையல் கரிப்பது இதனால்தான்.

மீன் கழுவக் கல்லுப்பே சிறந்தது. அதன் சொரசொரப்பு வழுவழுப்பை எடுத்துவிடும். கருவாட்டை வெந்நீரில் ஊற வைத்து இருமுறை அலசிய பின்னரே ஆணத்தில் இடுங்கள்; சுவை பார்க்கும் வரை வேறு உப்புச் சேர்க்காதீர்கள். எலுமிச்சை ஊறுகாய்க்குக் காயின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உப்பு வேண்டும். காயிலிருந்து நீரை வெளியே இழுப்பதாலும், அந்த உப்பு நீரில் கெடுக்கும் கிருமிகள் பெருக முடியாததாலும்தான் ஊறுகாய் நிற்கிறது. உடலுக்கு அஞ்சி ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். குறைக்க வேண்டியது தட்டில் வைக்கும் அளவையே.

கரித்த ஆணத்தில் உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பார்கள். கிழங்கு உப்பை மட்டும் தேர்ந்து எடுப்பதில்லை. உப்பு கலந்த நீரைத்தான் குடிக்கிறது. வெந்நீரோ தேங்காய்ப் பாலோ உப்பில்லாமல் வெந்த பருப்போ சேர்த்து அளவைப் பெருக்குவதே சரியான பரிகாரம்.

அயோடின் ஏன்?

பாக்கெட்டின் மேல் ‘அயோடின் கலந்தது’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, “கடல் உப்பிலேயே எல்லாம் இருக்குமே, மேலும் ஏன் கலக்க வேண்டும்?” என்று மத்ரஸாவில் ஓதும் பெரிய பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். கடல் நீரில் அயோடின் இருப்பது உண்மை. ஆனால் வெயிலில் விளைந்த உப்பில் நம் தேவைக்குப் போதுமான அளவு எஞ்சுவதில்லை.

அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை தோன்றும். அதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. கருவுற்ற தாய்க்கு இச்சத்து மிகவும் குறைந்தால் வயிற்றில் வளரும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறந்த பின் அதனை முழுவதும் ஈடு செய்ய இயலாது. இந்திய அரசு 1962-இல் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியதும், 2006 மே மாதம் முதல் அயோடின் கலவாத உப்பை நேரடி உணவுக்கு விற்கத் தடை விதித்ததும் இதற்காகவே.

கடைக்கு வரும் உப்பில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது 5 கிராம் உப்பில் 75 மைக்ரோகிராம். வயது வந்தவரின் ஒரு நாள் தேவை 150 மைக்ரோகிராம். மீதி பால், முட்டை, கடல் மீன் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். எனவே கைக்கு வந்த அயோடினையும் இழந்துவிடலாகாது. ஈரமும் வெயிலும் நெடுநேரக் கொதியும் அதனைக் குறைக்கும். உப்பை மூடியுள்ள பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடியில் அடுப்புக்கு எட்டி வையுங்கள். ஈரக் கரண்டி இடாதீர்கள். இறக்கும் தறுவாயில் சேருங்கள். கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்தும் வழக்கம் உள்ளவர்கள் அயோடினையும் சேர்த்தே கழுவி ஊற்றுகிறார்கள். அயோடின் கலந்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது. பொட்டலத்தில் பார்த்து வாங்குங்கள். இந்துப்பு உயர்ந்தது என்று கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் பெரும்பகுதி சோறுப்பே. அயோடின் கலக்காததை வாங்கினால் அந்தச் சத்தை இழந்ததுதான் மிச்சம்.

ஒரே சஹன், பல உடல்கள்

அப்படியானால் அயோடினுக்காக உப்பைக் கூட்டலாமா என்றால், கூடவே கூடாது. வயது வந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தேக்கரண்டியில் தலை தட்டி அளந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு இதனினும் குறைவு. மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும்; உயர்ந்த அழுத்தம் இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் அறிகுறி இன்றியே அரிக்கும்.

நம் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரே சஹனில் பலர் அமர்ந்து உண்கிறோம். அத்தாவுக்கு அழுத்தம் என்று மருத்துவர் சொன்னால், அவருக்குத் தனிச் சட்டி வைக்கும் வேலை மருமகளின் தலையில் விழுகிறது. தனியாக வைத்த உப்பில்லாச் சோற்றைக் கண்டதும், தம்மை ஒதுக்கிவிட்டதாக அத்தா மனம் நோகிறார். இரண்டு நாளில் அவர் பழைய சட்டிக்கே திரும்பிவிடுகிறார். சிக்கல் சட்டியில் இல்லை, அளவில் இருக்கிறது. அவருக்கு ஆகாத அளவு மற்றவர்களுக்கும் ஆகாததே. ஆகவே வீட்டின் பொதுச் சட்டியிலேயே உப்பைக் குறையுங்கள். ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் கலகம் வரும். வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். எலுமிச்சை, புளி, இஞ்சி, மிளகு, கொத்துமல்லி ஆகியவை அந்த இடைவெளியை நிரப்பும். ஊறுகாய், அப்பளம், உப்புக் குடுவை ஆகியவற்றைச் சுப்ராவில் நிரந்தரமாக வைக்காதீர்கள். நோன்பு நாட்களில் சஹரில் கருவாடும் ஊறுகாயும் தவிர்த்தால் பகலில் தாகமும் அவ்வளவாக வாட்டாது.

சோடியம் குறைந்த உப்பு என்று பொட்டாசியம் கலந்த வகை இப்போது விற்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது தீங்கு செய்யலாம். சில அழுத்த மாத்திரைகளோடும் சேராது. மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

இறுதியாக ஓர் எளிய கணக்கு. ஐவர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 25 கிராம். ஒரு கிலோ உப்பு 40 நாள் வர வேண்டும். ரொட்டி, பிஸ்கட், மிக்சர், கடை உணவு வழியாகவும் உப்பு வருவதால் அதற்கு மேலும் வந்தால்தான் நல்லது. மீன் கழுவவும் ஊறுகாய்க்கும் உள்ள உப்பைத் தனியே வையுங்கள். சமையல் உப்பின் புதிய பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். தீரும் நாளைப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து நாளில் தீர்ந்துவிட்டால், அடுத்த பொட்டலம் வாங்கி வரும்படி சொல்லும்போது வீட்டுத் தலைவரிடம் இந்தக் கணக்கையும் சொல்லுங்கள். உப்புப் போதவில்லை என்று முதலில் குரல் எழுப்புபவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார்!

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் புளியைப் பற்றிப் பார்ப்போம். வஸ்ஸலாம்.