சீசருக்கு ஒரு சிட்டிகை!

பொறுத்திரு! பணிந்திரு! ஆள்வோன் ஆண்டவனால் அமர்த்தப்பட்டவன். அவனை எதிர்த்து முணுமுணுக்காதே! ரோமாபுரியின் செங்கோல் கொடுங்கோலாகிக் கொடுமை புரிந்த நாளில், உன் விசுவாசத்தின் முன்னோர் எதிர்த்து வாய் திறந்தனரா? இல்லை! சிங்கத்தின் முன்னும் சிரித்த முகத்துடன் சென்றனர். நீயும் அங்ஙனமே இரு. இகத்தில் இடர், பரத்தில் பரிசு!

பக்திச் சிந்தனை நூல்கள் பல, நாளுக்கொரு பக்கமாக, வசனம் ஒன்று, விளக்கம் பத்து வரி, செபம் மூன்று வரி என்று பகுத்துத் தந்து, படிப்போர் நெஞ்சில் பதித்திட முயலும் பாடம் இது. ரோமப் பேரரசின் கீழ்க் கிறித்தவர் வாழ்ந்த முந்நூறு ஆண்டுக் காலத்தை, பொறுமை என்னும் ஒரே சொல்லுக்குள் அடைத்து முத்திரையிட்டுத் தருகின்றனர்.

நாம் பக்தரைப் பழித்திட இதனை எழுதவில்லை. துன்பத்தில் துவள்பவன் துணை தேடுகிறான். அவன் கண்ணீரைக் கேலி செய்வது பண்பன்று. நமது வழக்கு அவனோடு அல்ல. வரலாற்றின் பெயரால் அவன் கையிலே செல்லாக்காசைத் திணிக்கின்றார்களே, அவர்களோடு! முதற்கிறித்தவர் வாழ்ந்த வாழ்வு மறுப்பின் வரலாறு. ‘முடியாது’ என்ற ஒரு சொல்லை, முடிதரித்தோனின் ஆட்கள் முன் நின்று, எளியவர்கள் சொல்லிய வரலாறு. அந்தச் சொல்லைப் பிழிந்தெடுத்துக் கொட்டிவிட்டு, எஞ்சிய சக்கைக்குப் பக்தி எனப் பெயரிடுகின்றனர். சான்று கேட்பீர்; தருகிறோம்.

சிலுவையிலிருந்தே தொடங்குவோம். இன்று அது பொன்னில் வார்த்துக் கழுத்தில் அணியும் அணிகலன். அன்று, அடிமைக்கும் கலகக்காரனுக்கும் ரோம் வைத்திருந்த தண்டனைக் கருவி. கி.மு. 71இல், ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளை முறியடித்தபின், சிறைப்பட்ட 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து ரோம் வரையில் அப்பியன் சாலையின் ஓரமெங்கும் சிலுவையில் அறைந்தனர். வழிப்போக்கன் பார்க்க வேண்டும். பார்த்து நடுங்க வேண்டும்! அக்கருவியிலேதான் யூதேயாவின் ஆளுநன் பொந்தியு பிலாத்து, நாசரேத்தூர்த் தச்சன் மகனை ஏற்றினான். கி.பி. 26 முதல் 36 வரை அங்கே அதிகாரம் செலுத்திய அவனுடைய பெயரும் பதவியும் பொறித்த கல், 1961இல் செசரியாவில் கண்டெடுக்கப்பட்டது. யூதருக்கு அரசன் என்பதே சிலுவையின் மேல் எழுதிவைத்த குற்றச்சாட்டு என்று நான்கு சுவிசேஷங்களும் கூறுகின்றன. பணிந்து போனவனுக்கா அந்தப் பலகை? அரசுக்கு அச்சமூட்டாதவனுக்கா அந்தத் தண்டனை?

உடனே எழுவர் உபதேசியார். இராயனுக்கு உரியதை இராயனுக்கே கொடுக்கச் சொல்லவில்லையா என்று கேட்பர். சொன்னதுண்டு, எப்போது, எவருக்கு என்று பார்த்தீரா? கி.பி. 6இல் வரி விதிப்பதற்காக ரோமர் குடிக்கணக்கு எடுத்தபோது, கலிலேயனான யூதா கிளர்ச்சி செய்தான். அந்தத் தணல் ஆறவில்லை. வரி கொடு என்றால் மக்கள் வெறுப்பர். கொடாதே என்றால் பிலாத்து பிடிப்பான். கண்ணி வைத்துக் கேட்ட கேள்வி அது. தீபேரியு வெளியிட்ட வெள்ளிக்காசிலே அவனுடைய தலை. சுற்றிலும், தெய்வமாகிவிட்ட அகஸ்துவின் மகன் என்ற பொருளில் எழுத்து. காசு அவனுடையது, கொடுத்துவிடு. கடவுளின் பங்கு அவனுக்கு இல்லை என்று பிரித்துக் காட்டிய விடையின் இரண்டாம் பாதியில் அல்லவா இருக்கிறது வெடிமருந்து! தெய்வத்தின் மகன் என்று தன்னைத்தானே காசில் பொறித்துக் கொண்டவனிடமிருந்து தெய்வத்தைப் பிரித்துவிட்டால் மிச்சம் என்ன? வெறும் தலை, வெறும் உலோகம்! பக்தி ஏடுகளோ முதற்பாதியை முழக்குகின்றன. மறுபாதியை முணுமுணுத்து முடிக்கின்றன.

அடுத்த அம்பு, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம். அதிகாரத்துக்குக் கீழ்ப்படிக என்று அதிலே உள்ளது, மறுப்பாரில்லை. ஆனால் அந்நிருபம் எழுதப்பட்டது ஏறத்தாழ கி.பி. 57இல், நீரோ அரியணையேறிச் சில ஆண்டுகளே ஆன காலம். 64இல் ரோம் நகர் தீப்பற்றி எரிந்தது. பழி தன்மேல் விழுவதைக் கண்ட நீரோ, அதனைக் கிறித்தவர்மேல் திருப்பினான். விலங்குத் தோல் போர்த்தி நாய்களிடம் விட்டான்; சிலுவையில் அறைந்தான்; இரவிலே விளக்காக எரித்தான். இதனை எழுதி வைத்தவர் கிறித்தவர் அல்லர். அவர்களை வெறுத்த தாசித்துஸ். வெறுத்தவரே, ஒருவனுடைய கொடுமைக்காக மாண்ட அவர்கள்மேல் மக்களுக்கு இரக்கம் பிறந்தது என்று குறித்திருக்கிறார். பவுலும் நீரோவின் ஆட்சியிலேதான் கொல்லப்பட்டார் என்பது திருச்சபையின் மரபு. எழுதிய கை வெட்டுண்ட கதையை விட்டுவிட்டு, எழுதிய வரியை மட்டும் ஏழைக்குப் படித்துக் காட்டுவது எந்த நேர்மை?

சரி, பிளினியின் நீதிமன்றத்துக்கு வாருங்கள். ஏறத்தாழ கி.பி. 112, கருங்கடற்கரையில் பித்தினியா மாகாணம். ஆளுநர் பிளினி கற்றவர், கண்ணியர், கவிஞர்களின் நண்பர். கிறித்தவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரை மூன்று முறை கேட்கிறார். மூன்று முறையும் ஆம் என்றால் மரணம். இல்லை என்போர், பேரரசன் திராயானின் உருவத்தின் முன் சிறிது சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறித்துவைச் சபித்தால் விடுதலை. இவர்கள் செய்த குற்றம் என்னவென்று துருவிப் பார்க்கிறார். குறித்த நாளில் விடியுமுன் கூடுகின்றனர், பாடுகின்றனர், திருடுவதில்லை, நம்பிக்கைத் துரோகம் செய்வதில்லை என்று உறுதி கூறுகின்றனர். இவ்வளவே. இந்த ‘உண்மையை’ அறிய அவர் சித்திரவதை செய்தது யாரை? சபையிலே பணிப்பெண்டிர் எனப்பட்ட அடிமைப்பெண்கள் இருவரை! ஆளுநரின் கருத்து என்ன தெரியுமா? கொள்கை எதுவாயினும் இருக்கட்டும். அந்தப் பிடிவாதம் ஒன்றே தண்டனைக்குப் போதும் என்பதே!

கண்டீரா? ஒரு சிட்டிகை சாம்பிராணி! விலை அற்பம், வேலை எளிது. மனத்திலே நம்பு, கையிலே தூவு என்றால் தீர்ந்தது. பக்தி ஏடுகள் சொல்லும் அகச்சமாதானம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருந்தால், தூவிவிட்டு வீடு சென்றிருப்பார்கள். தூவ மறுத்தனர், ஆகவே மாண்டனர். கி.பி. 203இல் கார்த்தேஜ் நகரில், கைக்குழந்தையோடு சிறைப்பட்ட பெர்பெத்துவா என்னும் இளம்பெண்ணின் முன், நரைத்த தந்தை வந்து மன்றாடினார்; குழந்தையைப் பார் என்றார். பேரரசர் நலனுக்காகப் பலியிடு என்றான் அதிகாரி. இருபத்திரண்டு வயதுப் பெண் மறுத்தாள். அவளோடு அரங்கத்தில் மாண்டவள் பெலிசித்தா, ஓர் அடிமை. சீமாட்டியும் அடிமையும் ஒரே மண்ணில் சாய்ந்தனர். இதுவா அடங்கிக் கிடந்த வாழ்வு?

இனிக் கூறப்போவதைக் கேட்டுப் பக்தர் திகைக்கலாம். ஆயினும் கூறியே ஆக வேண்டும். அந்நாளில் கிறித்தவர்மேல் ஊரார் சுமத்திய பழிப்பெயர் எது? நாத்திகர்! ஆம், நாத்திகர்! ஊர்த்தெய்வங்களை வணங்காதவன், விழாவிலே கலவாதவன், சிலை முன் தலை சாய்க்காதவன் நாத்திகனன்றோ! ஏறத்தாழ கி.பி. 155இல் சிமிர்னா நகரின் முதிய ஆயர் பொலிக்கார்ப்பை விளையாட்டரங்கில் நிறுத்தி, நாத்திகர் ஒழிக என்று சொல்லச் சொன்னான் ஆளுநன். கிழவர் கூட்டத்தை நோக்கிக் கையை நீட்டி, அச்சொல்லை அவர்கள்மேலேயே திருப்பிவிட்டாராம். நெருப்பிலே மாண்டார். அதே காலத்தவரான யுஸ்தீன், உங்கள் தெய்வங்களைப் பொறுத்தவரை நாங்கள் நாத்திகரே என்று பேரரசனுக்கு எழுதிய முறையீட்டிலேயே ஒப்புக்கொண்டார். இன்று எவரேனும், நான் நம்பவில்லை என்று நாலு பேர் நடுவே சொன்னால், நாத்திகன் என்று முகம் சுளிக்கும் பக்தர், தம் முன்னோர் அப்பெயரைச் சுமந்தே நெருப்பில் வெந்தனர் என்பதை எண்ணிப் பார்த்திட வேண்டாமா?

250இல் தேசியு என்னும் பேரரசன் ஒரு படி மேலே சென்றான். பேரரசின் குடிகள் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும். இட்டதற்குச் சான்றிதழ் பெற வேண்டும்! நான் எப்போதும் தெய்வங்களை வணங்கியே வந்தேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு உண்டேன் என்று விண்ணப்பம்; கீழே அதிகாரிகளின் ஒப்பம். நாற்பதுக்கும் மேற்பட்ட அச்சீட்டுகள் எகிப்தின் மணலிலிருந்து கிடைத்துள்ளன. பள்ளியிலே வருகைப் பதிவேடு வைத்திருக்கிறோம். அது பிள்ளையின் உடல் வந்ததைக் குறிக்கும், உள்ளம் வந்ததைக் குறிக்காது. தேசியுவோ உள்ளத்துக்கும் பதிவேடு போட்டான். பலர் அஞ்சிப் பலியிட்டனர். சிலர் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினர். அவர்களை நாம் இகழோம். கத்தி கழுத்திலே இருக்கும்போது எவரும் வீரராயிருத்தல் அரிது. இகழத்தக்கது, மனச்சான்றுக்குச் சீட்டு கேட்ட அரசே!

மறுப்போடு நின்றதா அவர்கள் வாழ்வு? 251இல் ரோம் நகரச் சபை, விதவையரும் வறியோருமாக 1,500 பேருக்கு மேற்பட்டோரைக் காத்துவந்ததாக அதன் ஆயர் கொர்னேலியு எழுதியிருக்கிறார். சட்டம் அவர்களை வாழவே விடவில்லை. அவர்களோ கைவிடப்பட்டோரை வாழவைத்தனர். பொறுத்திரு, பரத்தில் கிடைக்கும் என்று பசித்தவனைத் திருப்பி அனுப்பவில்லை, பகுத்து உண்டனர். பக்தி நூலார் இப்பக்கத்தை ஏன் புரட்டுவதில்லை?

ஒரு தடை எழுப்பலாம். அவர்கள் வரி கொடுத்தனர், அரசனுக்காகச் செபித்தனர், வாளெடுக்கவில்லை, ஆகையால் பணிந்தவர்களே என்பர். உண்மை, வாளெடுக்கவில்லை. ஆனால் வாளெடாதவனெல்லாம் அடிபணிந்தவன் அல்லன். அவர்கள் எழுப்பிய உரிமைக் குரலைக் கேளுங்கள். 212ஆம் ஆண்டளவில் தெர்த்துல்லியன், ஆப்பிரிக்க ஆளுநன் ஸ்காப்புலாவுக்கு எழுதினார்: திணிக்கப்படும் வழிபாடு வழிபாடாகாது, தன் உள்ளம் ஏற்பதை வணங்குவது மனிதன் ஒவ்வொருவனுக்கும் உரியது என்று வாதாடினார். ‘எங்களுக்கு மட்டும்’ என்று கேட்கவில்லை; ‘ஒவ்வொருவனுக்கும்’ என்று கேட்டார். அச்சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனெனில், காலம் புரண்டது! 303இல் தியோக்கிலேசியன் கோயில்களை இடித்தான், வேதநூல்களை எரித்தான். பத்தே ஆண்டில், 313இல், கான்ஸ்தந்தீனும் லிசினியுவும் எவரும் தாம் விரும்பும் சமயத்தைப் பின்பற்றலாம் என்று இசைந்தனர். முள்முடி தரித்தவரின் பெயரால் மணிமுடி பேசத் தொடங்கிற்று. 380இல் தெயொதோசியு, ஒரே விசுவாசமே உண்மை, ஏனையோர் தண்டிக்கப்படுவர் என்று ஆணையிட்டான். 384இல் சிம்மாக்குஸ் என்னும் பழஞ்சமயத்தார், மூதாதையர் வழிபாட்டுக்கும் இடம் தருக என்று பணிந்து வேண்டினார். மிலான் நகர ஆயர் அம்புரோசு தடுத்தார், பீடம் மீளவில்லை. ஏறத்தாழ 385இல், திரியர் நகரில், பிரிசில்லியன் என்னும் கிறித்தவ ஆயரையே கிறித்தவப் பேரரசன் தலை துண்டித்தான். குற்றஞ்சாட்டியோர் சக ஆயர்கள்! 388இல் கல்லினிக்கம் என்னும் ஊரில் யூதரின் தொழுகைக்கூடத்தைக் கொளுத்தியபோது, அதனைத் திரும்பக் கட்டித் தரும்படி அரசன் இட்ட கட்டளையைத் திரும்பப் பெறச் செய்தவரும் அம்புரோசுவே.

எங்கே போயிற்று அந்த ‘ஒவ்வொருவனுக்கும்’? சாம்பிராணித் தட்டு கைமாறியது; அவ்வளவுதான்! நேற்றுத் தூவ மறுத்தவர்கள், இன்று தூவச் சொல்லித் தட்டை நீட்டினர். எல்லோரும் அப்படி என்று நாம் சொல்லோம். பிரிசில்லியனைக் கொல்லாதீர் என்று தூர் நகரத்து மார்ட்டின் மன்றாடினார். அந்த ஒரு குரல், இரத்தசாட்சிகளின் உண்மையான வழித்தோன்றல். மற்றவர்கள் அவர்களுடைய எலும்புகளுக்குக் கோயில் கட்டினர். அவர்களுடைய சொல்லையோ புதைத்தனர்.

புதைத்த இடத்தின்மேல் வளர்ந்ததே பணிவுப் பாடம். 1525இல் செர்மனியில் குடியானவர் எழுந்தபோது, அவர்களை வெட்டி வீழ்த்துமாறு பிரபுக்களுக்கு எழுதிய லூதர், எடுத்தாண்டது அந்த 13ஆம் அதிகாரமே. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசுக்குக் காவலாக நின்றதும் அதுவே. ‘அரசு இறையியல்’ என்று பெயரிட்டு அதனைக் கண்டித்தது, 1985இல் கறுப்பின இறையியலார் முன்னின்று வெளியிட்ட கைரோஸ் அறிக்கை. 2018இல் அமெரிக்காவில், எல்லை கடந்து வந்தோரின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தபோதும், அந்நாட்டுத் தலைமைச் சட்ட அதிகாரி ஜெஃப் செஷன்ஸ் அந்த அதிகாரத்தையே துணைக்கழைத்தார். சீசர்கள் செத்தொழிந்தனர், தட்டு மட்டும் சாகவில்லை.

ஆகவே, பக்தி நூல் எழுதுவோரே, உம்மை ஒன்று கேட்கிறோம். பித்தினியாவின் அடிமைப்பெண்கள் இருவர் உமது ஏட்டைப் படித்தால், தம்மை அதில் அடையாளம் காண்பரா? ஆள்வோனின் உருவத்துக்கு நறும்புகை காட்ட மறுத்த கைகளைக் கூப்பிய கைகளாக மட்டும் ஏன் வரைகிறீர்? அவர்களைப் போற்றுவது மெய்யாயின், மறுப்பவனின் உரிமையைப் போற்றுக; அவன் உமது கோயிலை மறுத்தாலும் போற்றுக! உம் வேதத்தை ஏற்காதவன் உம் நடுவே அச்சமின்றி நடமாடும் நாளில்தான், ரோமாபுரி அரங்கிலே சிந்திய இரத்தம் வீணாகவில்லை என்று நீவிர் சொல்லிக்கொள்ளலாம்.

அதுவரையில், ஆண்டவன் பெயரால் எவர் தட்டை நீட்டினாலும், ஒரு சிட்டிகைதானே என்று இனிக்க இனிக்கச் சொன்னாலும், அந்த எளிய பெண்டிரின் சொல்லே நமக்கும் சொல்: முடியாது!