தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வகுப்பு



ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் நம் காஞ்சிபுரத்து ஓரிக்கையில் குழித்தறி நெய்கிறவர்களுக்குக் கவலை வந்துவிடும். தறிக்குழியில் ஈரம் ஊறும். தாழ்வான வீடுகளில் தண்ணீரே சுரந்து நிற்கும். பட்டு இழை நமத்துப்போகும், தெருவில் பாவு விரிக்க வழியிருக்காது. குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிற இன்னொரு கூட்டத்தையும் இதே மழை வாட்டுகிறது. அகழாய்வுக் குழியில் நின்று தொழில் பழகும் தொல்லியல் மாணவர்களைச் சொல்கிறேன். இந்த மாதப் பக்கம் அவர்களுக்கானது.

வேலை இரண்டு நாள் தள்ளிப்போனால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் அகழாய்வில் கிடைக்கும் பொருளைவிட அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதுதான் பெரிய செய்தி. அதற்காகத்தான் குழியின் நான்கு பக்கச் சுவர்களையும் செங்குத்தாகச் சீவி, அடுக்குக்கு அடுக்கு அட்டை குத்தி வைக்கிறார்கள். ஒரு மணி நேரம் மழை கொட்டினால் போதும், சுவர் சரிந்து, சோழர் காலத்துப் பானை ஓடு சங்க காலத்து மண்ணில் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே மேகம் கறுத்தவுடன் குழியைச் சுற்றிக் கரை கட்டி, தார்ப்பாய் இழுத்து, விளிம்பில் மணல் மூட்டை வைக்க ஓடுகிறார்கள். மறுநாள் தண்ணீரை இறைத்து, சேறு இறுகும்வரை காத்திருந்து, சரிந்த மண்ணைத் தனியே வழித்தெடுக்க வேண்டும். அந்தச் சேற்றில் எவ்வளவு அழகான ஓடு கிடைத்தாலும் அதை எந்த அடுக்கின் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. இருபது வயதில் இந்தக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொள்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வெயிலுக்கும் தனிக் குணம் உண்டு. சித்திரை வெயிலில் மண் வெளுத்து, எல்லா அடுக்கும் ஒரே நிறமாகிவிடும். அப்போது தெளிப்பானால் சுவரில் பூத்தூறலாய் நீர் அடிப்பார்கள். சாம்பல் படிந்த தரையும், மரக்கால் நட்டிருந்த குழியும் கறுத்த வட்டங்களாக மேலெழும். மழைக்கு அஞ்சும் அதே மாணவர்கள் ஒரு கைப்பிடித் தூறலுக்கு ஏங்குவதும் உண்டு!

புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் 1944இல் தட்சசீலத்தில் தொல்லியல் மாணவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். அடுத்த ஆண்டு கோடையில் அரிக்கமேட்டில் குழி போட்டார். ஆற்றங்கரை நிலம், கீழ் அடுக்குகள் நீர்மட்டத்துக்கும் கீழே கிடந்ததால் இறைத்துக்கொண்டே தோண்ட வேண்டியிருந்தது. மேலே கொளுத்தும் வெயில், காலடியில் ஊற்று. அந்த நிலையிலும் அடுக்குகளைக் கலக்கவிடாமல் காத்ததால்தான், இத்தாலியில் செய்த அரெட்டைன் கலங்களோடு சேர்ந்து கிடந்த, பல் சக்கரத்தால் கோலமிட்ட ரௌலட்டட் தட்டுகளுக்குக் காலம் குறிக்க முடிந்தது. 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் தோண்டிய விமலா பெக்லி அந்தத் தட்டுகளின் தொடக்கத்தை இன்னும் பின்னோக்கி, கி.மு. காலத்துக்கே கொண்டுபோனார்.

அதனால் நம் ஊருக்கு என்ன? 1970களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு, தொல்லியல் துறையினர் காஞ்சிபுரத்தில் அகழாய்வு செய்தபோது இதே வகை ஓடுகள் இங்கேயும் கிடைத்தன. பல்லவர்கள் கோயில் எழுப்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே காஞ்சி கடல் வணிகத்தோடு தொடர்புகொண்டிருந்தது என்பதற்கு அவை சாட்சி. அரிக்கமேட்டுச் சேற்றில் நின்றவர்கள் பொறுமை இழந்திருந்தால், காஞ்சியில் கிடைத்த ஓட்டின் வயதைச் சொல்ல நமக்கு அளவுகோல் இருந்திருக்காது.

கீழடியும் இதையேதான் சொல்கிறது. அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 என்ற காலத்தைக் காட்டியதை 2019இல் தமிழகமே கொண்டாடியது. மேலிருந்து ஒரு துண்டு வழுக்கி அந்த ஆழத்துக்கு வந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

கொண்டாடுகிற நாம் குழியில் நிற்பவர்களை நினைப்பது குறைவு. அகழாய்வு நடக்கும் இடத்தில் நிழல்வலை, குடிநீர், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை, மின்னல் வெட்டினால் ஒதுங்க உறுதியான கூரை ஆகியவற்றைத் திட்டச் செலவின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். ஊர்க்காரர்கள் ஒரு திண்ணையைத் திறந்துவிட்டாலும் நனைந்த ஓடுகளை உலர்த்த அது உதவும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். காஞ்சியிலோ பாலாற்றங்கரையின் வேறு ஊர்களிலோ மாணவராகக் குழியில் இறங்கியவர்கள், அவர்களோடு கூலிக்கு மண் சுமந்தவர்கள், அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் நம் வாசகர்களில் இருக்கக்கூடும். ஆய்வறிக்கையில் ஓடுகளுக்கு எண் இருக்கும்; உங்கள் பெயர் இருக்காது. எந்த ஆண்டு, எந்தத் தெரு, மழை வந்தபோது என்ன செய்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். எழுத வராதவர்களிடம் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். பழைய குறிப்பேடு இருந்தால் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். ஈரம் பட்டு மங்கியிருந்தாலும் பரவாயில்லை. பென்சிலில் எழுதியதை எங்களால் வாசித்துவிட முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்