300 கிராம்



சுமையுடன் கல்வராயன் மலையில் நடந்தே ஏறிய கள்ளக்குறிச்சி மக்களுக்கு ஒவ்வொரு கிலோவின் கனமும் தெரியும்.

1958இல் உருவான பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் என்றதும் ஏவுகணைகளே நம் நினைவுக்கு வருகின்றன. இராமேசுவரத்தில் பிறந்து, 1992 முதல் 1999 வரை அதற்குத் தலைமை ஏற்ற அப்துல் கலாம், அதற்குமுன் ஐதராபாத்தில் பணிபுரிந்தார். அக்னி ஏவுகணைக்கான இலேசான பொருளைக் கையிலெடுத்துப் பார்த்து வியந்த எலும்பு மருத்துவர் ஒருவர், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே, போலியோ தாக்கிய சிறார்கள் மூன்று கிலோவுக்கும் மிகுந்த உலோகக் காலணைகளை இழுத்தபடி நடந்தனர். ஏவுகணைப் பொருளால் அவற்றின் எடை 300 கிராமாகக் குறைந்தது.

மதிப்பெண்ணை விசாரிக்கும் பெற்றோரே! “உன் படிப்பு யாருடைய சுமையைக் குறைக்கும்?” என்றும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.