பிள்ளை கேட்கும் பிராசஸர்

"சர்வர்" என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருகிறவர், கையில் டபரா டம்ளருடன் வந்து நிற்கும் ஹோட்டல் சர்வர்தான். 1964-ல் நாகேஷ் நடித்து வெளிவந்த 'சர்வர் சுந்தர'த்தைப் பார்த்தவர்களைக் கேட்கவே வேண்டாம். ஆனால் இப்போது மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் சர்வரே வேறு. "அம்மா, மைன்கிராஃப்ட் ஆட்டத்துக்கு எங்கள் செட்டுக்கென்று சர்வர் வைக்கப் போகிறேன். ஒன்றல்ல, மூன்று! அதற்கு ஒரு நல்ல பிராசஸர் வாங்க வேண்டும்" என்று பிள்ளையோ பெண்ணோ வந்து நின்றால், "அப்பாவைக் கேள்" என்று நழுவிவிடாதீர்கள், சகோதரிகளே! ஜரிகையைப் புரட்டிப் பார்த்துப் பட்டுப் புடவை வாங்கத் தெரிந்த உங்களுக்கு இது ஒன்றும் பிரமாதமில்லை.

முதலில் இந்த சர்வர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பத்துப் பிள்ளைகள் பத்து வீடுகளில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஆட்டத்தை ஆடுகிறார்கள். யார் எங்கே நிற்கிறார்கள், யார் எந்தக் கதவைத் திறந்தார்கள் என்ற கணக்கை நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் உடனுக்குடன் சொல்ல வேண்டும். அதுதான் சர்வர். மைன்கிராஃப்டில் இந்தக் கணக்கு வினாடிக்கு 20 தடவை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது ஒரு தடவைக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு. கண்ணை இமைக்கக்கூட அதைவிட அதிக நேரமாகும்! அதற்குள் கணக்கு முடியாவிட்டால் ஆட்டம் தடுமாறும். முன்னால் ஓடுகிறவன் திடீரென்று பின்னால் நிற்பான். தட்டிய கதவு தாமதமாகத் திறக்கும். "லேக் ஆகிறது" என்று பிள்ளைகள் அலறுவது இதைத்தான்.

கணக்குப் போடுவது பிராசஸர். அதனுள்ளே 'கோர்' என்று பல பகுதிகள் உண்டு. ஒவ்வொரு கோரையும் ஒரு சமையற்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர் அதிகமானால் வேலை வேகமாக நடக்கும் என்றுதானே தோன்றுகிறது? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு கல்லில் ஒரு தோசை வார்க்க நாலு பேரை நிறுத்தினால், கால்வாசி நேரத்தில் தோசை வெந்துவிடுமா? மைன்கிராஃப்ட் சர்வரின் முக்கியமான வேலையும் அப்படியே. கதவு முதலில் திறந்ததா, அம்பு முதலில் வந்ததா என்ற வரிசை பிசகக் கூடாது. ஆகவே அந்த வேலை பெரும்பாலும் ஒரே கோரில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. மற்ற கோர்கள் சில்லறை வேலைகளைத்தான் வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு கோர் மந்தமாக இருந்தால், பக்கத்தில் பதின்மூன்று பேர் கை கட்டி நின்றும் பயனில்லை.

ஆனால் கல்யாணச் சமையல் என்றால் கதை வேறு. சாம்பார் ஒருவர், பாயசம் ஒருவர், வடை ஒருவர் என்று ஆளுக்கொரு அடுப்பு வேண்டும். மூன்று ஆட்டங்களுக்கு மூன்று சர்வர் ஒரே பெட்டியில் ஓடும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுறுசுறுப்பான கோர் தேவை; மேற்படி வேலைக்கு இரண்டொன்று அதிகம் இருந்தால் சௌகரியம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு கோரின் வேகம். எண்ணிக்கை அதற்குப் பிறகு.

இனி கடைக்குப் போவோம். மவுண்ட் ரோடுக்குப் பக்கத்து ரிச்சி தெருவுக்குப் போன பிள்ளையிடம் ஒருவர், "பதினாலு கோர், விலையோ சல்லிசு!" என்று பழைய சர்வர் பிராசஸரைக் காட்டி ஆசை மூட்டலாம். 2016-ல் வந்த இன்டெல் ஜியான் இ5-2680 வி4 அப்படிப்பட்டது: 14 கோர், ஒரு கோரின் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். 2022-ல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 7 5700எக்ஸில் 8 கோர்தான்; உச்ச வேகமோ 4.6 கிகாஹெர்ட்ஸ். புதிய அமைப்பானதால் ஒரு துடிப்பில் அது செய்யும் வேலையும் அதிகம். பத்துப் பிள்ளைகள், மூன்று ஆட்டம் என்றால் இந்த எட்டுப் பேரே அந்தப் பதினாலு பேரை ஜெயித்துவிடுவார்கள். நாலைந்து பேர் மட்டும் ஆடும் சின்ன ஆட்டங்கள் பத்துப் பன்னிரண்டை ஒரே பெட்டியில் நடத்துகிறவர்களுக்கு அந்தப் பழைய பதினாலு பயன்படலாம். நம் வீட்டுக்கு அது வேண்டாம்.

எண்ணிக்கையில் இன்னும் இரண்டு ஜாலங்கள் உண்டு. 2023-ல் வந்த இன்டெல் கோர் ஐ5-13500-ம் 14 கோர் என்றே சொல்லிக்கொள்கிறது. ஆனால் அவற்றில் 6 பெரியவை, 8 சிறியவை. தலைமைச் சமையற்காரர்கள் ஆறு பேர், எடுபிடிகள் எட்டுப் பேர் என்று கொள்ளலாம். அட்டையில் "8 கோர், 16 த்ரெட்" என்று போட்டிருந்தாலும் பதினாறு ஆள் என்று அர்த்தமில்லை. ஒருவரே இரண்டு அடுப்பைக் கவனிக்கிறார், அவ்வளவுதான்.

'கேஷ்' என்ற ஒன்றையும் விசாரியுங்கள். அது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி. கடுகுக்கும் மிளகுக்கும் ஒவ்வொரு தடவையும் உக்கிராண அறைக்கு ஓடினால் சமையல் எப்போது முடியும்? 5700எக்ஸில் இந்தப் பெட்டி 32 எம்.பி.; அதே தலைமுறையைச் சேர்ந்த 5800எக்ஸ்3டியில் 96. விளையாட்டு சர்வருக்குப் பெரிய பெட்டி நல்லது. கையில் காசு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மெமரியில் மட்டும் சிக்கனம் பிடிக்க வேண்டாம். ஒரு சர்வருக்கு 4 ஜி.பி. என்றால் மூன்றுக்கு 12. கம்ப்யூட்டரின் சொந்தச் செலவுக்கும் சேர்த்து 16 அவசியம், 32 தாராளம்.

வாங்கும் விலை ஒரு தடவைதான்; கரண்டு பில்லோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வாசலில் வந்து நிற்கும். மேலே சொன்ன பழைய ஜியானுக்குக் கம்பெனி குறித்திருப்பது 120 வாட், 5700எக்ஸுக்கு 65. அந்தக் கணக்கில் இரவும் பகலும் ஓடினால் அறுபது நாளில் முன்னதற்கு ஏறக்குறைய 173 யூனிட், பின்னதற்கு 94. வேலையைப் பொறுத்து இது கூடும், குறையும். மற்ற பாகங்களின் செலவும் தனி. ஆனாலும் வித்தியாசம் புரிகிறதல்லவா? இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் வந்த சலுகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரீட்சை நாட்களிலும் ராத்திரி பத்து மணிக்கு மேலும் சர்வருக்கும் தூக்கம் என்று முதலிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டால் பில்லும் குறையும், கண்ணும் பிழைக்கும்.

பெட்டியைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் வெந்துவிடும். சாந்தோம், பெசன்ட் நகர் வாசிகள் கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம். உப்புக் காற்று உலோகத்தை அரித்துவிடும்.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு டெலிபோன் செய்யுங்கள். பல வீட்டு இணைப்புகளில் தனிப் பொது முகவரி கிடையாது. ஒரே முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்படியானால் வெளியிலிருந்து சிநேகிதர்கள் நேரே உள்ளே வர முடியாது. எவ்வளவு உயர்ந்த பிராசஸரும் வீண். "பப்ளிக் ஐ.பி. உண்டா? இல்லையென்றால் எவ்வளவு கூடுதல் கட்டணம்?" என்று இணைப்பு தரும் கம்பெனியைக் கேட்டுவிடுங்கள். வாசலைத் திறந்த பிறகு, பெயர் தெரிந்த சிநேகிதர்களை மட்டும் அனுமதிக்கும் பட்டியலைப் பிள்ளை உங்கள் எதிரிலேயே போடட்டும். முன்பின் தெரியாதவர்களை நாம் கூடத்தில் உட்கார வைப்பதில்லையே!

பிள்ளையிடம் மூன்று கேள்விகளுக்குக் காகிதத்தில் பதில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே சமயத்தில் எத்தனை ஆட்டம் ஓடும்? ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்? எத்தனை மணி நேரம்? பதில் வரும்வரை, வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே ஒரு சர்வரை ஒரு மாதம் நடத்திக் காட்டட்டும். இல்லாவிட்டால் மாத வாடகைக்கு ஒன்று எடுத்துப் பார்க்கட்டும். மாத முடிவிலும் அந்தக் காகிதத்தில் உள்ளபடியே ஆட்டம் நடந்துகொண்டிருந்தால், தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அதற்குள் கோரும் கேஷும் என்னவென்று உங்களுக்கே விளக்கும் அளவுக்குப் பிள்ளை தேறியிருக்கும். அந்தப் படிப்பு, வாங்குகிற சாமானைவிடப் பெரிது.